சீனத்துப் பழைய நகரங்களில் சொந்தமாகச் சுற்ற: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விலைகள் எல்லாம் யுவானில். ஒரு யுவான் 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கடை முன் நின்று மனக்கணக்குப் போட அது போதும்.

பன்னிரண்டு நாள் லீவு. பெய்ஜிங், பிங்யாவ், சியான், லுவோயாங், செங்டு, ஷாங்காய் என்று போட்டிருக்கிறேன். சரிவருமா? (கோயம்புத்தூர்)

வரிசை சரி, எண்ணிக்கைதான் அதிகம். கடைசி இரண்டையும் வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஊர் மாறும்போதும் அரை நாள் போய்விடும். அதிவேக ரயில் நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கின்றன. அங்கே மெட்ரோவில் போய், பையை ஸ்கேனரில் விட்டு, ரயில் ஏறி, மறு ஊரில் அறை தேடிப் பையை இறக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டியிருக்கும்.

பெய்ஜிங் 4 இரவு, பிங்யாவ் 2, சியான் 4, லுவோயாங் 1. பெய்ஜிங்கிலிருந்து பிங்யாவுக்கு நேரடி ரயில்கள் குறைவு. இடம் கிடைக்காவிட்டால் தாய்யுவான் தெற்கு நிலையத்தில் மாறிக்கொள்ளலாம். பிங்யாவிலிருந்து சியான் வடக்கு நிலையத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து லுவோயாங் லுங்மென் நிலையத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு.

பிங்யாவில் ஒரு சிக்கல். அங்கே இரண்டு நிலையங்கள். 'பிங்யாவ்' என்று மட்டும் இருப்பது மதிலை ஒட்டிய பழைய நிலையம், மெதுவான ரயில்கள் நிற்பது. 'பிங்யாவ் குசெங்' ஊரைத் தள்ளி இருக்கும் அதிவேக நிலையம். மதிலுக்குள் டாக்ஸி போகாது. எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று விடுதியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் ஆறு கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலின் தப்பான பக்கத்தில் பையோடு நிற்பீர்கள்.

பெய்ஜிங் அரண்மனைக்கு (தடைசெய்யப்பட்ட நகரம்) திங்கள் விடுமுறை. டிக்கெட் ஏழு நாள் முன்னதாக, சீன நேரம் இரவு 8 மணிக்கு, அதாவது இந்திய நேரம் மாலை 5.30க்குத் திறக்கும். பாஸ்போர்ட் எண் கொடுத்துத்தான் வாங்க முடியும். சுற்றுலாப் பருவத்தில் சீக்கிரமே தீர்ந்துவிடும். வாசலில் டிக்கெட் கிடையாது. லுவோயாங்கின் லுங்மென் குகைகளுக்குக் காலையிலேயே போங்கள். 675இல் முடிந்த, 17 மீட்டர் உயர வைரோசன புத்தர் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து அமர்ந்திருக்கிறார். மதியத்துக்கு மேல் முகத்தில் நிழல் விழுந்துவிடும்.

அக்டோபர் 1 முதல் 7, மே 1 முதல் 5, சீனப் புத்தாண்டு வாரம் மூன்றையும் தவிருங்கள். முதல் இரண்டிலும் ரயிலில் இடம் இருக்காது. மூன்றாவதில் சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு மலேசியப் பாஸ்போர்ட், மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட். விசா? (கிள்ளான்)

உங்களுக்கு 30 நாள் வரை வேண்டாம். 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தம் அது. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கும் 30 நாள், 2024 பிப்ரவரி முதல். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசா கட்டாயம். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் தங்கவிடும் 240 மணி நேர 'டிரான்சிட்' சலுகையின் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. அதை நம்பி உங்கள் மனைவிக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள்.

தெருக்கடையில்கூடப் பணம் வாங்குவதில்லையாமே? நம் கார்டு எடுபடுமா? (திருச்சி)

பணம் வாங்குவார்கள், மறுக்கக்கூடாது என்பது சட்டம். சில்லறை இருக்காது, அதுதான் பிரச்சினை. 5, 10, 20 யுவான் தாள்களாக ஒரு 300 யுவான் எப்போதும் பையில் இருக்கட்டும். இந்திய ரூபாயை அங்கே மாற்றுவது கடினம், டாலராகக் கொண்டுபோங்கள்.

மற்றதெல்லாம் அலிபே, வீசாட் என்ற இரண்டு பண ஆப்களில்தான். இரண்டையும் கிளம்பும் முன் இந்தியாவிலேயே நிறுவி, பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கக் கொடுத்து, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணைத்துவிடுங்கள். இங்கேதான் பலருக்கு வழுக்குகிறது. வங்கி ஆப்பில் 'வெளிநாட்டுப் பயன்பாடு', 'ஆன்லைன்' இரண்டு சுவிட்சும் திறந்திருக்க வேண்டும். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாகவே மூடியிருக்கும். ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங் உயிரோடு இருக்க வேண்டும். டேட்டா வேண்டாம், எஸ்எம்எஸ் வந்தால் போதும். ஒரே வங்கியின் இரண்டு கார்டை விட, வேறு வேறு வங்கியின் இரண்டு கார்டு நல்லது.

200 யுவானுக்குள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஆப் கட்டணம் இல்லை. தாண்டினால் 3 சதவீதம். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. தெருச் சாப்பாடு முழுக்க 200க்குள்தான் வரும், அறை வாடகைக்கு மட்டும் யோசியுங்கள்.

தள்ளுவண்டியில் ஸ்கேன் செய்ததும் பணம் போகவில்லை என்றால், அது பெரும்பாலும் கடைக்கான குறியீடு அல்ல, கடைக்காரரின் தனிப்பட்ட குறியீடு. வெளிநாட்டுக் கார்டிலிருந்து தனிநபருக்குப் பணம் அனுப்ப முடியாது. பக்கத்திலேயே மற்ற ஆப்பின் குறியீடு ஒட்டியிருந்தால் அதை முயலுங்கள், இல்லையென்றால் தாளை நீட்டுங்கள். பண்டம் கைக்கு வரும் முன்பே இதைப் பார்த்துக்கொள்வது மரியாதை.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்பா பெயர் இன்ஷியலாக மட்டும். ரயில் டிக்கெட் பிரச்சினையாகுமா? (மதுரை)

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தலைவலி, தீர்வு எளிது. பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் 'இந்தியா' குறியீட்டுக்குப் பிறகு பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அதில் இல்லாத இன்ஷியலை நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

பெயரை விட முக்கியம் எண். காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்டே டிக்கெட். நுழைவாயிலில் இயந்திரம் அந்த எண்ணைத்தான் தேடும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம். அந்த ஏழில் வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்ஜியம்தான், 'ஓ' அல்ல.

ரயில்வேயின் சொந்தத் தளமான 12306இல் வெளிநாட்டவர் கணக்குத் திறக்கலாம். ஆனால் பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு நேரம் பிடிக்கலாம், அதை முன்னாலேயே முடித்துவிடுங்கள். டிக்கெட் 15 நாள் முன்பு திறக்கும். நிலையத்தில் தானியங்கி வாயில் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்கவில்லை என்றால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஓரத்தில் ஆள் நிற்கும் வழி ஒன்று இருக்கும். ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே அந்த வாயில்கள் மூடிவிடும். பெரிய நிலையங்களில் முக்கால் மணி நேரம் முன்பே இருங்கள்.

முழுச் சைவம். முட்டையும் சாப்பிடமாட்டேன். தெருச் சாப்பாடு எனக்கு இல்லையா? (சென்னை)

உண்டு. ஆனால் 'காய்கறி' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கக்கூடாது. பீன்ஸ் பொரியலில் பன்றிக் கொத்துக்கறி இருக்கும், கீரை பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கும், தெளிந்த சூப் எலும்பில் கொதித்தது, முட்டைக்கோஸில் காய்ந்த இறால் கிடக்கும். ஏமாற்றுவதற்காக அல்ல. இறைச்சித் துண்டு தட்டின் நாயகனாக இல்லாவிட்டால் அங்கே பலர் அதை இறைச்சி உணவாகவே எண்ணுவதில்லை. 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்று சொன்னாலும் போதாது. கொழுப்பு, எலும்புச் சாறு, சிப்பிச் சாஸ், இறால், முட்டை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி 'வேண்டாம்' என்று சீன எழுத்தில் ஒரு அட்டை தயார் செய்து, போன் திரையில் பெரிதாகக் காட்டுங்கள். இறைச்சியைக் குறிக்கும் எழுத்தையும் பழகிக்கொள்ளலாம்: அடிப்பக்கம் திறந்த ஒரு சட்டம், அதற்குள் மேலும் கீழுமாக இரண்டு கூரை வடிவம். வெறுமனே அந்த எழுத்து மட்டும் இருந்தால் பன்றி.

சியான் உங்களுக்குத் தோதான ஊர், ஏனென்றால் அது கோதுமை ஊர். லியாங்பி என்பது மாவுப் பாலை அவித்து நாடாவாக வெட்டி, வெள்ளரி, வினிகர், மிளகாய் எண்ணெய் சேர்த்துக் குளிர்ச்சியாகத் தருவது. பொதுவாக இறைச்சி இருக்காது, விலையும் 10 யுவான் அளவில். பியாங்பியாங் நூடுல்ஸில் 'யோப்போ' வகையைக் கேளுங்கள். இடுப்பு வார் அகல நூடுல்ஸின் மேல் மிளகாய்த் தூளும் பூண்டும் வைத்து, புகையும் எண்ணெயை ஊற்றுவார்கள். மேலே கறி தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஜெங்காவ் என்பது பசையரிசியும் பேரீச்சை போன்ற இலந்தையும் அடுக்கி அவித்த இனிப்பு. பிங்யாவில் காவ்லாவ்லாவ் இருக்கிறது: ஓட்ஸ் மாவுச் சுருள்களைத் தேன்கூடு மாதிரி நிறுத்தி அவித்தது. தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சாறு கேளுங்கள். அதில் முட்டை சேர்ப்பது வழக்கம், அட்டையைக் காட்ட மறக்காதீர்கள்.

பெரிய புத்த விகாரைகளை ஒட்டிய சைவ உணவகங்களில் கவலையின்றிச் சாப்பிடலாம். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. அங்கே தட்டில் வாத்து மாதிரி வருவது சோயாவும் கோதுமைப் பசையும்தான், பயப்பட வேண்டாம்.

மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பச்சைப் பலகை வைத்த 'சிங்ஜென்' (ஹலால்) கடையில் பன்றியும் பன்றிக் கொழுப்பும் கிடையாது. ஆனால் எதையும் குறிப்பிடாமல் கறி கேட்டால் பெரும்பாலும் மாடுதான் வரும். ஆடு வேண்டுமானால் 'யாங்ரோ' என்று அழுத்திச் சொல்லுங்கள்.

சியானின் முஸ்லிம் தெருவுக்குப் போனால் கூட்டமும் குச்சியில் குத்திய கணவாயும்தான். ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்? பாவ்மோவை எப்படிச் சாப்பிடுவது? (பெங்களூரு)

நீங்கள் நின்றது 1380இல் கட்டிய முரசுக் கோபுரத்திலிருந்து வடக்கே ஓடும் பெய்யுவான்மென். விளக்கு அலங்காரத்துக்காக ஒருமுறை நடந்துவிட்டு மேற்கே விலகுங்கள். வழியில் ஹுவாஜுவே சந்தில் பெரிய பள்ளிவாசல். 742இல் தொடங்கியது என்பது மரபு. கூரையும் முற்றங்களும் முழுக்கச் சீனப் பாணி. இன்னும் கால் மணி நேரம் நடந்தால் ஸாஜின்சியாவ் தெரு. மெட்ரோ முதல் தடத்தில் அதே பெயரில் நிலையமும் உண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பாட்டிகளும் சாப்பிடும் தெரு அது.

அங்கே நேரம்தான் முக்கியம். காலை ஆறரைக்குப் போனால் ஹூலாதாங் கிடைக்கும்: மாட்டுக்கறி உருண்டை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போட்டு மிளகுக் காரத்தோடு கெட்டியாகக் காய்ச்சிய சூப், ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். பத்து மணிக்குப் போனால் அண்டாவைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மதியம் பதினொன்று முதல் ஒன்றரை, மாலை ஐந்து முதல் ஏழரை. இடையில் போய் 'கடை நன்றாக இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

யாங்ரோ பாவ்மோ, அதாவது ஆட்டுச் சூப்பில் ரொட்டி. காலிக் கிண்ணமும் இரண்டு கெட்டி ரொட்டியும் தருவார்கள். அதை நீங்கள்தான் கிள்ள வேண்டும், சோயாபீன்ஸ் அளவுக்கு. அவசரப்பட்டுப் பெருவிரல் அளவில் பிய்த்துப் போட்டால் வெளியே நொய்ந்து உள்ளே மாவாக நிற்கும். அந்த மாவு பெரும்பகுதி புளிக்காதது. அதனால்தான் கொதிக்கும் சூப்பிலும் கூழாகாமல் மென்று தின்னும்படி இருக்கிறது, அதனால்தான் சாறு உள்ளே இறங்கத் துண்டு சிறிதாக இருக்க வேண்டும். இருபது நிமிடம் ஆகும், பக்கத்து மேசைக்காரர்கள் பேசிக்கொண்டே கிள்ளுவார்கள். சில கடைகளில் இயந்திரம் வெட்டிய ரொட்டியை நீட்டுவார்கள். வேண்டாம், விளிம்பு வழவழப்பாக இருப்பதால் சாறு பிடிக்காது.

கிள்ளி முடித்ததும் கிண்ணத்தை ஓர் எண் சீட்டோடு உள்ளே எடுத்துப்போவார்கள், அதே எண் சீட்டு இன்னொன்று உங்களிடம். சமையல்காரர் உங்கள் கிண்ணத்தை மட்டும் தனியாகக் கொதிக்க வைப்பார். வந்ததும் கிளறாதீர்கள். கிளறினால் சூடும் ஆறும், சாறும் குழம்பும். ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வாருங்கள். இடையிடையே மிளகாய் விழுதும் இனிப்புப் பூண்டு ஊறுகாயும். 30 முதல் 40 யுவான். ஒரு கிண்ணத்துக்கு மேல் அன்று வேறெதுவும் இறங்காது. இரண்டு பேர் என்றால் ஒன்று வாங்கினால் போதும்.

ரோஜியாமோ (ரொட்டிக்குள் கறி) இந்தப் பகுதியில் மாட்டுக்கறி. பெயர்பெற்ற பன்றி வகை முஸ்லிம் பகுதிக்கு வெளியேதான். ரொட்டியை அங்கேயே சுடுகிறார்களா, கறியை நீங்கள் கேட்ட பிறகு கொத்துகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நகருங்கள்.

சியான் மதிலைச் சைக்கிளில் சுற்றலாமா? (யாழ்ப்பாணம்)

சுற்றலாம். 13.7 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் வையுங்கள். செங்கல் தளம் குலுக்கும், நிழல் அறவே இல்லை. மாலை நாலுக்கு மேல் ஏறுங்கள். தெற்கு வாசலில்தான் எல்லோரும் ஏறுவார்கள், வேறு வாசலில் வரிசை சிறியது. மழை என்றால் சைக்கிள் தரமாட்டார்கள்.

எடைக்கு விற்கும் பண்டங்களில் ஏமாறாமல் இருப்பது எப்படி? (சேலம்)

ஒரு ஜின் என்பது 500 கிராம், ஒரு லியாங் 50 கிராம். பலகையில் பெரிய எழுத்தில் விலையும் மூலையில் சின்னதாக 'லியாங்' என்றும் இருந்தால், ஜின் விலை என்று நீங்கள் நினைத்ததைப் போல் பத்து மடங்கு. கொட்டைப் பருப்பு மிட்டாய்க் கட்டியில் இது அதிகம் நடக்கும், கத்தி இறங்கிய பிறகு பேரமில்லை. எடையைச் சொல்லாமல் பணத்தைச் சொல்லுங்கள்: 'ஷி குவாய் தெ', பத்து யுவானுக்கு.

வட சீனத்தில் கொழுக்கட்டை (ஜியாவ்ஸி) கடைகளில் லியாங் கணக்கு மாவின் எடையைக் குறிக்கும். ஒரு லியாங்குக்கு ஐந்தாறு வரும். இரண்டு லியாங் ஒருவருக்குப் போதும். பலகை விலை போட்ட சாப்பாட்டுக்குப் பேரம் பேச வேண்டாம்.

வயிறு கெடாமல் இருக்க? (திருநெல்வேலி)

முதல் நாள் வயிற்றைக் கெடுப்பது கிருமியை விட எண்ணெய்தான். இறங்கியதும் மிளகாய் எண்ணெய் மிதக்கும் பாத்திரத்தில் கைவைக்காமல் சூப் நூடுல்ஸ், அவித்த பாவ் (பூரணம் வைத்த மாவுருண்டை) என்று தொடங்குங்கள். கரி அடுப்புக் குச்சிகளில் பச்சைக் கறியை எடுத்த இடுக்கியே வெந்ததையும் எடுக்கிறதா என்று பாருங்கள். மதியம் மூன்று மணிக்குத் தட்டில் குவிந்திருக்கும் குளிர்ந்த கலவைகள் காலையில் செய்தவை, விட்டுவிடுங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆனால் எல்லா ரயிலிலும் நிலையத்திலும் கொதித்த நீர்க் குழாய் இலவசம். சூடு தாங்கும் புட்டி ஒன்று இருந்தால் தண்ணீருக்குச் செலவே இல்லை. டிஷ்யூ தாள் கையோடு வையுங்கள். பொதுக் கழிப்பறைகளில் பெரும்பாலும் இருக்காது.

வாட்ஸ்அப், கூகுள் மேப்? (புதுச்சேரி)

அங்குள்ள வைஃபையில் இரண்டும் ஓடாது. இந்திய சிம்மின் ரோமிங்கோ, வெளிநாட்டு நிறுவனத்தின் இசிம்மோ என்றால் ஓடும், டேட்டா வெளியூர் வழியாகச் சுற்றி வருவதால். கூகுள் மேப் திறந்தாலும் நம்பாதீர்கள். சீன வரைபடங்களின் ஆள்கூற்று முறை வேறு. புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும், சந்து பொந்துகளில் அது பெரிய தூரம். ஏமேப் (காவ்தே) போடுங்கள், ஐபோனில் உள்ள வரைபடமும் சரியாகவே காட்டும். விடுதி முகவரியைச் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புக் செய்த விடுதியில் 'வெளிநாட்டவருக்கு இடமில்லை' என்றால்? (ஈரோடு)

வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும். விடுதியே அதைச் செய்யும். வெளிநாட்டவர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2024இல் அரசு சொல்லிவிட்டது. இருந்தாலும் சின்ன விடுதியின் வரவேற்பாளருக்குப் பாஸ்போர்ட்டைப் பதியும் முறை தெரியாமல் இருக்கலாம். புக் செய்ததுமே 'இந்தியப் பாஸ்போர்ட், சரியா?' என்று செய்தி அனுப்பிப் பதிலைச் சேமித்து வையுங்கள். நண்பர் வீட்டில் தங்கினால் நீங்களோ நண்பரோ காவல்துறையில் பதிய வேண்டும்.

பவர் பேங்க் பிடுங்கிவிடுகிறார்களாமே? (ஓசூர்)

உள்நாட்டு விமானத்தில், ஆம். 2025 ஜூன் 28 முதல் சீனாவின் '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றவிடுவதில்லை. இந்தியாவில் வாங்கியவற்றில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. ரயில் மட்டும் என்றால் கவலை இல்லை. விமானம் இருந்தால் அங்கே போய் ஒன்று வாங்கிவிடுங்கள். ரயிலில் பிடுங்குவது கத்தியையும் பெரிய ஸ்பிரே டப்பாக்களையும். அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டினால் பழம் வெட்டும் கத்திக்கும் இடமில்லை.

தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சீன ஊருக்குப் போக வேண்டும். என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்? (தஞ்சாவூர்)

ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சோ. டிக்கெட் எடுக்கும்போது எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். குவாங்சோ வேறு ஊர். ஷியாமென் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் அளவுதான். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத் துறைமுகமாக 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தமிழ் வணிகர்கள் இங்கே சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். சீனப் பேரரசர் கானின் நலனுக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, அதாவது 1281.

கோயில் இன்று இல்லை, கற்கள் சிதறிக் கிடைத்தன. அவற்றைப் பார்க்க இரண்டு இடம். ஒன்று கடல்வழி அருங்காட்சியகம்: இந்து, இஸ்லாமியக் கற்சிற்பங்களுக்கென்று கூடமே உண்டு, லிங்கத்துக்கு யானை பூச்சொரியும் சிற்பம் திருவானைக்காவை நினைவூட்டும். திங்கள் விடுமுறை. இன்னொன்று 686இல் தோன்றிய காய்யுவான் புத்தர் கோயில். பெரும்பாலோர் முன்வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பிரதான மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குப் போங்கள். நடுவில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. வட்டங்களுக்குள் நரசிம்மரும் கண்ணனும். முன்மேடையின் அடிப்பகுதியில் மனிதத் தலைச் சிங்கங்கள் வரிசையாக இருக்கும், குனிந்து பாருங்கள்.

கோயில் வாசலே மேற்குத் தெரு, சாப்பாடும் அங்கேயே. காலைக்கு மியென்ஷியென்ஹூ: நூல்போல மெல்லிய சேமியா கரைந்த கஞ்சி. முன்னால் இருக்கும் தட்டுகளிலிருந்து சிப்பி, பன்றிக் குடல், முட்டை, பொரித்த மாவு என்று சுட்டிக் காட்டினால் போடுவார்கள். விலை சுட்டியதைப் பொறுத்தது, மூன்றோடு நிறுத்துங்கள். அடிச்சாறே எலும்பிலோ கடலுணவிலோ காய்ச்சியது, சைவருக்கு ஆகாது. மணலில் வாழும் புழுவை உறையவைத்த தூசுன்தோங் என்ற ஜெல்லி, பூண்டும் வினிகருமாக வரும். துணிச்சல் இருந்தால் ஒன்று மட்டும் வாங்கிப் பாருங்கள். சைவருக்கு ஷிஹுவாகாவ்: நம் கடல்பாசியேதான், தேன் நீரில் வழுக்கிக்கொண்டு வரும். வெயிலுக்கு ஸிகுவோதாங் உண்டு, பயறும் பழமும் ஜெல்லியும் சேர்ந்த ஐஸ் கிண்ணம். அதிலும் சுட்டிக்காட்டும் முறைதான். எத்தனை பண்டம் அந்த விலைக்குள் அடங்கும் என்பது பலகையில் எண்ணாக இருக்கும், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.